கடுகளவு பச்சை விளக்கு

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் அடையாள அட்டையில் இருக்கிறது, அதோடு சரி. வாசல் காவலாளி முதல் முதலாளி வரைக்கும் எல்லாருக்கும் அவள் உப்பக்காதான். கப்பலில் வைக்கிற கம்ப்யூட்டர்களும் திரைகளும் செய்கிற தொழிற்சாலை அது. வீட்டு மேசையில் பூப்போல வைத்துத் துடைக்கிற சாமான் இல்லை. ஒவ்வொன்றும் கெட்டியான அலுமினியப் பெட்டிக்குள் ரப்பர் வைத்து இறுக்கி மூடியது. குலுக்கினாலும், சுட்டெடுத்தாலும், தண்ணீரைப் பீய்ச்சியடித்தாலும், உப்புக்காற்றில் வருஷக்கணக்கில் கிடந்தாலும் அது பாட்டுக்கு வேலை செய்யவேண்டும். செய்கிறதா என்று பார்க்க ஒரு நீளமான சோதனை அறை. அதன் கோடியில் ஆள் உயரத்துக்கு ஒரு பெட்டி. உள்ளே உப்புத் தண்ணீரைப் புகையாக்கி நாள்கணக்கில் தெளித்துக்கொண்டே இருக்கும். அதைக் கவனித்துக்கொள்வது அக்கா. சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது முன்கையிலும் உடுப்பின் ஓரத்திலும் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். உப்பக்கா ஆனது அப்படி. அவளைப் பிடிக்காதவர்கள், உப்போடு இருந்து இருந்து நாக்கும் கரிக்க ஆரம்பித்துவிட்டது என்பார்கள். அதுவும் உண்மைதான்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அவள் அங்கே சேர்ந்தது கூட்டித் துடைக்க. அப்போதெல்லாம் பெட்டி இரும்புத் தகட்டில்தான். ஒரு தடவை, ஒரே மாதிரி செய்த பத்துப் பெட்டியில் மூன்றில் மட்டும் துரு ஏறியது. இன்ஜினியர்கள் திருகாணியைக் குறை சொன்னார்கள், பெயிண்டைக் குறை சொன்னார்கள், கடைசியில் உப்பையே குறை சொன்னார்கள். தரையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "துரு விரல் மாதிரில்ல இருக்கு? யாரும் பாக்கலையா?" என்றாள். பார்த்தார்கள். நாலு விரல், ஒரு கட்டைவிரல், அச்சு அசலாகத் துருவில்! பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் எவரோ வியர்வைக் கையால் பிடித்துத் தூக்கியிருக்கிறார். அந்த வியர்வை பெயிண்டுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு இரும்புத் தகட்டை அரித்திருக்கிறது. அன்றைக்கு இருந்த பெரிய முதலாளி காது உள்ள மனிதர். "நாளையிலேருந்து துடைப்பத்த வேற யார்கிட்டயாவது குடுத்துட்டு டெஸ்ட் ரூமுக்கு வந்துடும்மா" என்றார். ரெண்டு வருஷம் கழித்து அவள் கையில் ஒரு ரப்பர் முத்திரையைக் கொடுத்தார். வட்டம், நடுவில் 7. அவள் சோதித்த பக்கத்தில் அவள் குத்துவாள். அவள் குத்தாவிட்டால் அந்தப் பெட்டி வாசலைத் தாண்டாது.

இந்த இருபத்திநாலு வருஷத்தில் எத்தனை தடவை "மாட்டேன்" என்றிருப்பாள் என்று அவளே எண்ணவில்லை. ஒரு தடவை திருகாணி அரைச் சுற்றுக் குறைவு என்று மாட்டேன் என்றாள். ஒரு தடவை ரப்பரில் ஒரு தலைமுடி மாட்டியிருந்ததற்காக மாட்டேன் என்றாள். தலைமுடி வழியே தண்ணீர் இறங்கும் என்றால் யாரும் நம்பவில்லை. நம்பாதவர்களை நிற்கவைத்துத் தண்ணீர் பீய்ச்சிக் காட்டினாள். இறங்கியது. அதற்கப்புறம் அவளிடம் வாய் கொடுக்க ஆள் குறைந்துபோனார்கள்.

இப்போது சொல்ல வருவது நாற்பது திரைகளின் கதை.

அவை ஒரு கம்பெனியின் கப்பல்களுக்கு, சுக்கான் அறைக்கான திரைகள். ராத்திரியில் கப்பல் ஓட்டுகிறவர் ஜன்னல் வழியே இருட்டைப் பார்த்துத்தான் ஓட்டுகிறார். அறைக்குள்ளே வெளிச்சம் இருந்தால் அந்த ஜன்னல் கண்ணாடி முகம் பார்க்கிற கண்ணாடி ஆகிவிடும், கடல் தெரியாது. அதனால் திரையில் ஒரு குமிழ் இருக்கும். அதைத் திருகத் திருகத் திரை மங்கி, மங்கி, கடைசியில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் போகும். அதில்தான் வந்தது தொல்லை. பகலில் வேலைக்கு வருகிற ஆள் பார்த்துவிட்டு, திரை செத்துவிட்டது என்று போன் போடுவான். இங்கிருந்து ஒரு ஆள் மெனக்கெட்டுத் துறைமுகம் துறைமுகமாகப் போவார், குமிழைத் திருகுவார், திரும்பி வருவார். ஒரே வருஷத்தில் இப்படிப் பதினோரு பயணம்! துறைமுகம் போய் வந்தவர்கள் கடுப்பின் உச்சியில் இருந்தார்கள்.

புதிதாக வந்த டிசைன் இன்ஜினியர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். திரையின் கீழ்மூலையில் கடுகளவு ஒரு பச்சை விளக்கு. குமிழோடு அதற்குச் சம்பந்தமே கிடையாது. மின்சாரம் உள்ளே வருகிற இடத்திலேயே அதன் வயரை நேரே இணைத்துவிட்டார். திரையை எவ்வளவு மங்க வைத்தாலும் அது எரியும். "நான் சாகல, உயிரோடதான் இருக்கேன்னு அது சொல்லும்" என்று கூட்டத்தில் அவர் விளக்கியபோது எல்லாரும் கை தட்டினார்கள். அக்காவும்தான் தட்டினாள். அப்போது அவளுக்கும் உறைக்கவில்லை. ட்யூப்லைட் எரிகிற அறையில் உட்கார்ந்திருந்த யாருக்கும் உறைக்கவில்லை.

சோதனை அறைக்குப் பின்னால் ஜன்னலில்லாத ஒரு சின்ன அறை உண்டு. சுவர், கூரை எல்லாம் கறுப்பு. உடைத்துப்போட்ட ஒரு கப்பலிலிருந்து பெரிய முதலாளி வாங்கி வந்த ஜன்னல் கண்ணாடி ஒன்று, சுக்கான் அறையில் சாய்ந்திருப்பது போலவே அங்கே சாய்ந்து நிற்கும். அதன் முன்னால் திரையை வைத்து, குமிழைக் கடைசிவரை திருகி, கதவைச் சாத்தி இருபது நிமிடம் இருட்டில் உட்காரவேண்டும். கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரம் ஆகும். அதற்கப்புறம் கண்ணாடியில் என்ன தெரிகிறது என்று பார்த்து எழுதவேண்டும். இது சோதனைத் தாளில் தெளிவாக அச்சடித்திருக்கிறது. மற்றவர்கள் என்றால் ரெண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு இருபது என்று எழுதிவிடுவார்கள். அக்கா இருபதும் உட்காருவாள். கையில் சமையலறைக் கடிகாரம், முறுக்கிவிட்டால் டிக் டிக்கென்று ஓடி மணியடிக்கிறது. கைக்கடிகாரத்தின் முள் மினுங்கும் என்று அதைக்கூடக் கழற்றி வெளியே வைத்துவிட்டுப் போகிறவள் அவள்.

திங்கட்கிழமை காலை முதல் திரையோடு உள்ளே போனாள். அஞ்சு நிமிடத்தில் அந்தப் பச்சை ஒரு புள்ளி. பத்து நிமிடத்தில் கண்ணாடியில் தெளிவாக ஒரு விளக்கு. மணி அடித்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம், தூரத்தில், ஏதோ ஒன்று நின்று தன்னையே பார்ப்பது போல் இருந்தது.  இன்னும் ரெண்டு திரையை எடுத்துவந்து பார்த்தாள். அதே பச்சை, அதே இடம். நேரே மேனேஜரிடம் போனாள்.

"சார், நாப்பதும் ஃபெயில்."

"என்னக்கா, காலங்காத்தால தலையில குண்டப் போடறீங்க?" மேனேஜர் சிரித்தார். எதற்கும் சிரிக்கிற மனிதர், சிரித்துக்கொண்டே கழுத்தை அறுக்கிற ரகம். வெள்ளிக்கிழமை லாரி வருகிறது, அதற்கு மறுநாள் கப்பல்களில் ஏற்றவேண்டும் என்று அவர் எல்லாருக்கும் வாக்குக் கொடுத்து வைத்திருந்தார்.

"அந்தப் பச்சை லைட்டு கண்ணாடியில விழுது. வெளிய ஏதோ லைட்டு எரியற மாதிரி இருக்கு. வயரக் கழட்டி, குமிழோட சேத்துக் குடுக்கணும். குமிழத் திருகினா இதுவும் மங்கணும். கிட்டப் போய்க் குனிஞ்சு பாத்தா தெரிஞ்சாப் போதும், கண்ணாடியில விழக்கூடாது."

"நாப்பதையும் பிரிக்கணுமா? ரப்பர மாத்தி, மறுபடி தண்ணி டெஸ்ட்டு, மறுபடி எல்லாம்? ரெண்டு வாரம் ஆகும்க்கா! ஒரு கடுகளவு லைட்டுக்கு எதுக்கு இத்தன ஆர்ப்பாட்டம்?"

"கடுகு கண்ணுல விழுந்தா சும்மா இருப்பீங்களா சார்?"

மேனேஜர் அதற்கும் சிரித்தார். பிறகு, "சரி, கறுப்பு டேப்ப ஒட்டி அனுப்பிடலாம். விஷயம் முடிஞ்சுது" என்றார்.

"உப்புக் காத்துல டேப்பு எத்தன நாளைக்கு நிக்கும்?"

"அது அவங்க பாடு."

அக்கா சோதனைக்கென்று கூடுதலாகச் செய்திருந்த ஒரு திரையில் கறுப்பு டேப்பை நறுக்கென்று ஒட்டி, உப்புப் பெட்டிக்குள் வைத்துக் கதவை மூடினாள். பதில் அதற்குள்ளிருந்து வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை மேனேஜர் அவள் மேசைக்கு வந்தார். ரொம்பப் பிரியமாகக் குடும்பத்தை விசாரித்தார். விசாரித்தபடியே மேசை இழுப்பறையைத் திறந்து, ஏழாம் நம்பர் முத்திரையை எடுத்து இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டுத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"கொஞ்ச நாள் பேக்கிங்ல இருங்கக்கா. இங்க நின்னுக்கிட்டே இருக்கீங்க, காலுக்கும் நல்லது."

பேக்கிங்கிலும் நின்றுகொண்டேதான் இருக்கவேண்டும் என்பது அவருக்கும் தெரியும். அக்காவுக்கு அடிமடியில் கை வைத்தது போல இருந்தது. வாயில் வந்ததை எல்லாம் பல்லைக் கடித்து விழுங்கிக்கொண்டாள். அவள் வாழ்க்கையிலேயே அப்படி விழுங்கியது அது ஒரு தடவைதான் இருக்கும்.

நாற்பது தாளிலும் முத்திரை குத்த மேனேஜர் வேறு ஆளைப் பிடித்தார். தண்ணீர் பீய்ச்சிச் சோதிக்கிற ஆள் ஒருவர் உண்டு, மழைக்காரர் என்று பேர், கையில் ஒன்பதாம் நம்பர் முத்திரை. நல்ல மனிதர், ஆனால் யாராவது குரலை உயர்த்தினால் தலை தானாக ஆடிவிடும். அவர் நாற்பது இருட்டறைத் தாளையும் கேண்டீன் ட்யூப்லைட் வெளிச்சத்தில், டீயைக் குடித்துக்கொண்டே குத்தி முடித்தார். அக்கா நேரே அவர் மேசைக்குப் போய் நின்றாள்.

"தம்பி, இருட்டுக்குள்ள போனியா?"

அவர் டீயைப் பார்த்தார். "அக்கா... எனக்குப் பிள்ளைங்க இருக்குக்கா."

"கப்பல்ல போறவனுக்கு என்ன, பூனைக்குட்டியா இருக்கு?"

கேண்டீனில் ரெண்டு பேர் சிரித்துவிட்டார்கள். மழைக்காரர் சிரிக்கவில்லை. டீயையும் குடிக்கவில்லை.

சாயங்காலம் வீட்டில் அவள் கணவர் வெந்நீர்த் தொட்டியில் காலை ஊறவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷமாகப் பஸ் ஓட்டுகிறவர். பிரேக்கும் கிளட்சும் மிதித்து மிதித்துக் கால் வீங்கிப்போகும். அவள் நடந்ததைச் சொல்லச் சொல்ல, "ம்... ம்..." என்று கேட்டார்.

"குத்திட்டுத்தான் போயேன்" என்றார் கடைசியில். "ரிட்டயர் ஆக இன்னும் மூணு வருஷம். அதுக்குள்ள எதுக்கு ஊர்ப்பட்ட பகை? நீ ஒருத்தி குத்தலன்னா கப்பல் ஓடாதா?"

"ஏங்க, உங்க பஸ்ஸுல டிக்கெட் மெஷின் மேல கறுப்புத் துணி தொங்குதே, அது எதுக்கு?"

"அது வேற."

"எது வேற?"

"அந்த மெஷினோட வெளிச்சம் முன்கண்ணாடியில விழும். இருட்டினா ரோட்டுல யாரோ டார்ச் அடிச்சு நிறுத்தற மாதிரியே இருக்கும்."

"நீங்க நிறுத்தியிருக்கீங்களா?"

அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். "ஒரு தடவ. பிரேக்கப் போட்டு எறங்கியே போய்ப் பாத்தேன். ஒரு ஈ காக்கா இல்ல. பஸ்ஸு பூரா என்னத் திட்டுது."

"பஸ்ஸ நிறுத்தி எறங்கிப் பாக்கலாம். கப்பல எங்க நிறுத்தி எறங்குவீங்க?"

 "அப்ப குத்தாத" என்றார்.

"குத்தறதுக்கு முத்திரையே இல்லைங்க! புடுங்கிட்டாங்க!"

அப்போதுதான் அழுதாள். துக்கத்தில் வருகிற அழுகை இல்லை, ஆத்திரத்தில் வருகிறது, மூக்கு விடைத்து, வார்த்தை உடைந்து. இருபத்திநாலு வருஷமா என் கையில இருந்ததுங்க, ஏதோ பேனாவ எடுக்கற மாதிரி எடுத்துப் பையில போட்டுக்கிட்டான் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவருக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது, என்றைக்குமே தெரிந்ததில்லை. காலைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய்ப் புதிதாக வெந்நீர் கொண்டுவந்து ஊற்றி, தொட்டியை அவள் காலடிக்குத் தள்ளிவைத்தார்.

வியாழக்கிழமை காலை கப்பல் கம்பெனியின் பரிசோதகர் வந்தார். சரக்கு ஏற்றுவதற்கு முன்னால் அவர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவது வழக்கம். தலை நரைத்த, அதிகம் பேசாத ஆள். இந்த உத்தியோகத்துக்கு முன்னால் பதினெட்டு வருஷம் சுக்கான் பிடித்தவர். பெரிய கூடத்தில் நாற்பது திரைகளையும் வரிசையாக நிறுத்தி, பளிச்சென்று எரியவிட்டிருந்தார்கள். டேப் எல்லாம் ஒட்டி, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. மேனேஜர் டீ கொடுத்தார், பிஸ்கட் கொடுத்தார், டிசைன் இன்ஜினியரை அறிமுகப்படுத்தினார். பரிசோதகர் எல்லாவற்றுக்கும் தலையசைத்துவிட்டுச் சோதனைத் தாள்களைப் புரட்டினார். குலுக்கல், சூடு, தண்ணீர், உப்பு. இருட்டறைப் பக்கம் வந்ததும் கை நின்றது. அடுத்த தாளைப் பார்த்தார், அதற்கடுத்ததைப் பார்த்தார்.

"ஏழு எங்க?" என்றார்.

"என்ன சார்?"

"இந்தப் பக்கத்துல எப்பவும் ஏழுதான் இருக்கும். நான் இங்க வர ஆரம்பிச்சதிலேருந்து ஏழுதான். இதுல பூரா ஒன்பது இருக்கு."

"அவங்க வேற பிரிவுக்கு மாறிட்டாங்க சார். ரெண்டும் ஒண்ணுதான்" என்றார் மேனேஜர், சிரித்தபடி.

தாள்களைத் தூக்கி வந்திருந்த மழைக்காரர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். தரையைப் பார்த்தபடியே, யாருக்கோ சொல்வது போல, "பேக்கிங்ல இருக்காங்க சார். பக்கத்து ரூம்தான்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அந்த மனிதருக்கு எவ்வளவு வியர்த்தது என்று சட்டையைப் பார்த்திருந்தால் தெரியும்.

பரிசோதகர் கூப்பிட்டனுப்பினார், அதனால்தான் அக்கா வந்தாள் என்று பிற்பாடு சிலர் கதை கட்டினார்கள். சுத்தப் பொய்! யாரும் கூப்பிடுவதற்கு முன்னாலேயே அவள் கிளம்பி, தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு பாதி வழி வந்திருந்தாள். வண்டியில், திங்கட்கிழமை டேப் ஒட்டி உப்புப் பெட்டிக்குள் வைத்த திரை. மூன்றே நாள். டேப்பின் ஒரு பக்கம் பெயர்ந்து சுருண்டு, அடியிலிருந்து அந்தக் கடுகு விளக்கு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நீங்கதான் ஏழா?" என்றார் பரிசோதகர்.

"முந்தாநாள் வரைக்கும் நான்தான் சார். இப்ப ஏழு இவரு பையில இருக்கு."

மேனேஜரின் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. "அக்கா, போய் வேலையப் பாருங்க."

"இதுதான் சார் என் வேலை." அவள் பரிசோதகர் பக்கம் திரும்பினாள். "எனக்கு இருபது நிமிஷம் குடுங்க. இருட்டுல உக்காந்து பாருங்க. பாத்துட்டுப் பரவாயில்லன்னா கையெழுத்துப் போடுங்க, நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"சாருக்கு நேரமில்லக்கா, மத்தியானத்துக்குள்ள..."

"அப்ப நான் ஒண்ணு சொல்லிடறேன். இருட்டுல உக்காராம இதுல ஒண்ணுகூட என் கையால பெட்டிக்குள்ள போகாது. வேற யாரையாவது வச்சுக் கட்டுங்க. கட்டினீங்கன்னா நாளைக்கு நான் லாரி முன்னால படுத்துக்குவேன். மாட்டேன்னா மாட்டேன்!"

 பரிசோதகர் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். "இருபது நிமிஷம்தானே" என்றார்.

கறுப்பு அறைக்குள் அஞ்சு பேர். அக்கா, பரிசோதகர், மேனேஜர், டிசைன் இன்ஜினியர், கதவோரம் மழைக்காரர். உப்புப் பெட்டியிலிருந்து எடுத்த திரையைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்து, குமிழைக் கடைசிவரை திருகிக் கதவைச் சாத்தினாள். கடிகாரத்தை முறுக்கினாள். டிக், டிக், டிக். ஒருவருக்கொருவர் மூச்சு விடுவது கேட்டது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். எட்டு நிமிடம் போயிருக்கும், மேனேஜரின் பையில் போன் அடித்தது. அவர் எடுத்துப் பார்த்தார். அறை முழுக்க வெள்ளையாக ஒரு வெளிச்சம்.

"போச்சு!" என்றாள் அக்கா. "கண்ணு எல்லாம் பழசுக்குப் போயிடுச்சு. முதல்லேருந்து."

"அக்கா, ஒரு செகண்டுதான்..."

"முதல்லேருந்து சார். போன அணைங்க."

அணைத்தார். அக்கா மறுபடி இருபதுக்கு முறுக்கினாள். பரிசோதகர் இருட்டில் மெல்லச் சிரித்தது கேட்டது.

இந்தத் தடவை யாரும் அசையவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கறுப்பு ஆழமானது. எதிரில் கண்ணாடி இருப்பதே மறந்துபோய், அங்கே ஒரு பெரிய வெளி இருப்பது போல ஆனது. அந்த வெளியில், வலது ஓரமாக, ஒரு பச்சை விளக்கு. முதலில் இருக்கிறதா இல்லையா என்று, பிறகு இருக்கிறது என்று, பிறகு அதைத் தவிர வேறெதையும் பார்க்க முடியாமல். மணி அடித்தது. அடித்த பிறகும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"இது... என் லைட்டா?" என்றார் டிசைன் இன்ஜினியர்.

"உங்க லைட்டுதான் சார்" என்றாள் அக்கா. அவரிடம் அவளுக்குக் கோபமில்லை.

பரிசோதகர் பேச ஆரம்பித்தார். "ஒவ்வொரு கப்பலுக்கும் வலது பக்கம் பச்ச, இடது பக்கம் சிவப்பு. ராத்திரியில நாங்க அதப் பாத்துத்தான் எதிர்ல இருக்கறவன் எந்தப் பக்கம் போறான்னு கணக்குப் போடுவோம். எனக்கு இப்ப அங்க ஒரு கப்பல் தெரியுது. குறுக்க போறான். எனக்கு இது ரூமுன்னு தெரியும், கண்ணாடின்னு தெரியும். தெரிஞ்சும் கை சுக்கானத் தேடுது."

"திருப்பியிருப்பீங்களா சார்?" இது மழைக்காரர்.

"திருப்பியிருப்பேன். இல்லாத கப்பலுக்கு வழி விட்டுட்டு, இருக்கற கப்பல் மேல கொண்டுபோய் விட்டிருப்பேன்."

யாரோ விளக்கைப் போட்டார்கள். எல்லாரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்கள். மேனேஜர் பேயறைந்தவர் போல இருந்தார். பரிசோதகர் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, "சரி பண்ணிட்டுக் கூப்பிடுங்க. ஏழு இல்லாம கூப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். டேப்பைப் பற்றிக் கேட்கக்கூட இல்லை.

அவர் போனதும் மேனேஜர் சட்டைப்பையிலிருந்து முத்திரையை எடுத்து நீட்டினார். அக்கா கையை நீட்டவில்லை.

"எடுத்த இடத்துல வைங்க சார்."

"இந்தாங்கக்கா, பெரிசு பண்ணாதீங்க..."

"எடுக்கும்போது நீங்கதானே எடுத்தீங்க? நானா குடுத்தேன்? எடுத்த இடத்துல வைங்க."

நீளமான சோதனை அறை அது. குலுக்குகிற மேசை, சூடேற்றுகிற அடுப்பு, தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் தாண்டி, வேலை செய்கிறவர்கள் எல்லாரும் பார்க்க, மேனேஜர் அந்தக் கோடிவரை நடந்துபோய் இழுப்பறையைத் திறந்து வைத்தார். அக்கா பின்னாலேயே போய், உட்கார்ந்து, மை தொட்டு, நாற்பது புதுத் தாளில் ஃபெயில் என்று எழுதி நாற்பது ஏழு குத்தினாள். அவசரமே படவில்லை. மழைக்காரரைக் கூப்பிட்டு, "உன் ஒன்பது விழுந்த இருட்டறைத் தாளையெல்லாம் நீயே கோடு போட்டு அடிச்சுக் கையெழுத்துப் போட்டுடு தம்பி" என்றாள். அவர் போட்டார். பேக்கிங் ரூமைச் சொன்னதற்கு அவள் நன்றி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் டீயை மட்டும் அவர் மேசையில் கொண்டுபோய் வைத்தாள்.

நாற்பதையும் பிரித்து வயரை மாற்றி மூடப் பதினேழு நாள் ஆயிற்று. அந்தக் கப்பல்கள் காத்திருக்கவில்லை, பழைய திரைகளோடேயே கிளம்பிப்போய் அடுத்த தடவை வந்து மாற்றிக்கொண்டன. குமிழோடு சேர்ந்து மங்குகிற விளக்கு நல்ல யோசனை என்று கப்பல் கம்பெனியிலிருந்து ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. அதில் டிசைன் இன்ஜினியர் பேர் இருந்தது, மேனேஜர் பேர் இருந்தது. அக்கா பேர் இல்லை, வேண்டுமென்றும் அவள் கேட்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் அவள் லீவுக்கு எழுதிக் கொடுத்தால் அந்தக் காகிதம் மேனேஜர் மேசையில் ரெண்டு நாள் கூடுதலாகத் தூங்கும். தூங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

திருத்தின முதல் திரை தயாரான அன்று அவள் மேனேஜர் அறைக்குப் போனாள். "வாங்க சார், உக்காந்து பாப்போம்" என்றாள். அவர் வேலை இருக்கிறது என்றார், போன் வரும் என்றார். அவள் வாசலை விட்டு நகரவில்லை. கடைசியில் போனை மேசை மேலேயே வைத்துவிட்டு வந்தார்.

இருபது நிமிடம் ரெண்டு பேரும் இருட்டில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். மணி அடித்தது. மேனேஜர் முன்னால் குனிந்து, கண்ணாடி இருக்கிற திசையை இப்படிப் பார்த்தார், அப்படிப் பார்த்தார்.

"ஒண்ணுமே தெரியலையேக்கா."

"அதுக்குத்தான் சார் இத்தன சண்டை" என்றாள் உப்பக்கா. எழுந்து விளக்கைப் போட்டு, தாளில் ஏழைக் குத்தினாள்.